செண்பகவல்லியின் பன்னிரண்டாம் தேதி

புருஷன் செத்த நாளை ஞாபகம் வைத்துக்கொள்ளப் பதினாறு ரூபாய் அறுபத்து மூன்று காசு ஆகும். ஜிஎஸ்டி தனி.

நான் போட்ட விலை இல்லை, எங்கள் கம்பெனி போட்டது. மாதம் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. முப்பதால் வகுத்தால் ஒரு நாளுக்கு இவ்வளவு. புருஷன் செத்த நாளுக்கும் ரேஷன் கடையில் நின்ற நாளுக்கும் ஒரே விலைதான். திட்டத்தின் பெயர் 'துளசி'. ஏழைக்கு விற்கும் சரக்குக்குப் பூஜையறைப் பெயர் வைப்பது வியாபாரத்தில் பழைய வித்தை. விருதுநகரில் எங்கள் அப்பா மூன்றாம் தர மிளகாய் வத்தலுக்கு 'மீனாட்சி' என்று பெயர் வைத்து மூட்டை மூட்டையாகத் தள்ளியவர். வசதியுள்ளவர்களுக்கு 'சந்தனம்'. மாதம் நாலாயிரத்து ஐநூறு.

விஷயம் இதுதான். பக்கவாதமோ விபத்தோ வந்து, புதிதாக எதுவும் மனதில் பதியாமல் போனவர்களுக்குக் காதின் பின்னால் ஒரு சில்லு வைக்கிறோம். அன்றாடம் நடப்பதை அது எங்கள் சர்வருக்கு அனுப்பும். நினைக்கும்போது திரும்ப வாங்கிக் கொடுக்கும். சில்லுக்குள் இரண்டு நாள்தான் தங்கும். மிச்ச வாழ்க்கையெல்லாம் அம்பத்தூரில் ஒரு லினக்ஸ் சர்வரில் கிடக்கிறது. அந்த டேட்டாபேஸ் என் பொறுப்பு.

பத்தொன்பதாம் தேதி, வாடிக்கையாளர் சேவைப் பெண்கள் நாலு பேரைத் தாண்டி ஒரு போன் என்னிடம் வந்தது. கோவில்பட்டி. தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டும் செண்பகவல்லி, வயது ஐம்பத்தொன்று, துளசி.

"ஏம்மா, நீங்கதான் பெரிய மேடமா?"

"பெரிய மேடமெல்லாம் இல்ல. சரக்கு வைக்கிற கிட்டங்கிச் சாவி என்கிட்ட இருக்கு, அவ்வளவுதான். சொல்லுங்க."

"எங்க வீட்டுக்காரக போன வாரம் தவறிட்டாக. பன்னெண்டாந் தேதி. அந்த நாளை நெனைச்சா, வந்து சேர ஒம்பது பத்து செகண்டு ஆகுது. அதுகூடப் போகட்டும். ஒருநா வராமலே போயிட்டா?"

"போகாதும்மா."

"அவுக கடைசியா ஒரு வார்த்தை சொன்னாக. பிள்ளைக டீ குடிக்க வெளிய போயிருந்துச்சுக. என்கிட்ட மட்டுந்தான் சொன்னாக. அந்த ஒரு நாளை மட்டும் சந்தனத்துல வைக்க முடியுமா? மத்ததெல்லாம் துளசியிலயே கெடக்கட்டும். லேபிள் ஒட்டுனதையெல்லாம் சந்தனத்துல வச்சு என்ன செய்ய? நூத்தம்பது ரூவா தாரேன்."

நாலாயிரத்து ஐநூறை முப்பதால் வகுத்துவிட்டுத்தான் பேச வந்திருக்கிறாள்.

"சில்லறையா விக்கிறதில்லம்மா."

"இருநூறு."

வாங்குகிறவரே விலையை ஏற்றிக்கொண்டு போகிறார் என்றால், சரக்கு கைவிட்டுப் போய்விடும் என்று பயப்படுகிறார் என்று அர்த்தம். அந்தப் பயத்தைக் காசாக்குகிற இடத்தில்தான் நான் வளர்ந்தேன். அன்றைக்கு எனக்கு மனசு வரவில்லை.

"எந்தத் திட்டமா இருந்தாலும் பாதுகாப்பு ஒண்ணுதான். துளசி மெதுவா வரும், அவ்வளவுதான். தொலையாது. நான் சொல்றேன்ல? என் சொந்த நம்பரைத் தாரேன், எழுதிக்கோங்க."

என் வாக்கை இனாமாகக் கொடுத்தேன்.

அதே வாரம், செயல்பாட்டுத் தலைவர் நவநீதன் கூப்பிட்டார். சர்வரோடு இணைத்திருந்த டிஸ்க் பெட்டி வாடகைக்கு எடுத்தது. இருபத்தெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, குத்தகை முடிகிறது. புது டிஸ்க் வந்தாயிற்று. டேட்டா டைரக்டரியை, அதாவது டேட்டாபேஸ் தன் சொத்து முழுக்க வைத்திருக்கும் போல்டரை, பழைய டிஸ்க்கிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டும்.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. டேட்டாபேஸை நிறுத்த வேண்டும். போல்டரை அப்படியே பிரதி எடுக்க வேண்டும். அமைப்புக் கோப்பில் ஒரு வரியில் புது முகவரி எழுத வேண்டும். மறுபடி ஓடவிட்டு, பதிவுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். அப்புறம் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பழைய போல்டரைத் தொடாமல் ஏழு நாள் வைத்திருப்பது. எந்தப் புத்தகத்திலும் சட்டமாகப் போடவில்லை. கையைச் சுட்டுக்கொண்டவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி வந்தது.

"ஏழு நாளா?" என்றார் நவநீதன். "பெட்டிக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டாயிரம் வாடகை. எண்பத்து நாலாயிரம். எதுக்கு? ஒண்ணும் ஆகாம இருக்கிறதுக்கா?"

"ஆமா சார். ஒண்ணும் ஆகாம இருக்கிறதுக்குத்தான்."

"நீங்க எண்ணிப் பார்த்துச் சரின்னு சொன்னப்புறமும் அது எதுக்குங்கிறேன். உங்க எண்ணிக்கையை நீங்களே நம்பலையா?"

ஆளை எங்கே தட்ட வேண்டும் என்று தெரிந்தவர். எனக்குச் சுருக்கென்றது. நாலு நாளாவது என்றேன். இல்லை என்றார். இரண்டு நாள். உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் படிந்த இடம் இது: எண்ணிக்கை ஒரு பதிவுகூடப் பிசகாமல் ஒத்துப்போனால் பழையதை அங்கேயே அழித்துவிடலாம். ஏழு நாளைக் கொடுத்துவிட்டு ஒரு எண்ணை வாங்கிக்கொண்டு வந்தேன். நல்ல பேரம் பேசிவிட்ட மிதப்பில் லிஃப்டில் இறங்கினேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

இருபத்தெட்டு, மதியம் இரண்டு மணி. ஞாயிறு கறிச்சோறு தின்றுவிட்டு ஊர் கண்ணயரும் நேரம். அப்போது யாரும் எதையும் அவ்வளவாக நினைப்பதில்லை என்று எங்கள் வரைபடம் ஆறு வருடமாகக் காட்டுகிறது. டிஸ்க் பொறுப்பாளர் இப்ராகிம் என்னோடு இருந்தார். ராயபுரத்துக்காரர், என் வயதுதான். வாசலில் குத்தகைக் கம்பெனி ஆள் அட்டைப் பெட்டியும் ஒட்டும் டேப்புமாக நின்றான்.

"இன்னா ஜெயா, புருசன் வூட்டுக்குப் பொண்ண அனுப்புற மாதிரி நிக்கிற? போல்டர்தான? போய்ச் சேரும்."

"சரிபார்க்கிற பட்டியலைப் படிங்க. பேக்கப் இருக்கா?"

"கீது." டிக் போட்டார்.

நிறுத்துவதற்கு முன் எண்ணினோம். நாற்பத்தொரு கோடியே இருபது லட்சத்து அறுபத்தாறாயிரத்து முன்னூற்றுப் பதினெட்டு பதிவுகள். ஒரு மணி நேரம் பத்து நிமிடத்தில் பிரதி முடிந்தது. முகவரியை மாற்றினேன். ஓடவிட்டேன். மறுபடி எண்ணச் சொல்லிவிட்டுத் திரையைப் பார்க்கப் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டேன். இப்ராகிம் ஒவ்வொரு இலக்கமாக வாசித்தார். கடைசி எட்டு வரைக்கும் சரி.

"அழிச்சிரவா?"

"அழிங்க."

சொன்னது என் வாய்தான்.

அழிப்பது என்றால் மணிக்கணக்கில் தேய்ப்பது இல்லை. பழைய பெட்டி, அதிலுள்ள டிஸ்க் அத்தனையோடும், சங்கேதத்தில் பூட்டியது. அதைத் திறக்கும் சாவியை மட்டும் தூக்கிப் போட்டால் போதும். ஒரு நொடி. அடுத்த நொடி அழிப்புச் சான்றிதழ் அச்சாகி வந்தது. உலகத்தில் எந்தக் கடவுளாலும் அதற்கப்புறம் அந்தப் பெட்டியை வாசிக்க முடியாது.

கண்காணிப்புத் திரையில் ஆயிரத்து நூற்று நாற்பது பச்சைப் புள்ளிகள் சிவப்பாயின. ஒரு சந்தனம்கூட அதில் இல்லை. அத்தனையும் துளசி.

புது டிஸ்க்கில் துளசி போல்டரைத் திறந்தேன். உள்ளே பதிவுகள் இல்லை. ஒரே ஒரு வரி, ஒரு அம்புக்குறியோடு.

"இன்னா ஜெயா இது?"

"லிங்க்."

இரண்டு வருடத்துக்கு முன்னால், துளசிக்காரர்களை அதே வாடகைப் பெட்டியில் இருந்த மட்டமான, மெதுவான டிஸ்க்குக்குத் தள்ளச் சொன்னார் நவநீதன். நான்தான் தள்ளினேன். பழைய இடத்தில் ஒரு லிங்க் வைத்தேன். அதை ஆவணத்தில் ஏற்றட்டுமா என்று கேட்டதற்கு, 'எழுத்துல வேண்டாம், விளம்பரத்துல எல்லாருக்கும் ஒரே வசதின்னு போட்டிருக்கோம்' என்றார். எழுதவில்லை. அப்புறம் மறந்துபோனேன். ஞாபகம் விற்கிற கம்பெனியில், சில்லு எதுவும் இல்லாத முழு மூளையோடு, நான் மறந்துபோனேன்.

"அப்போ நாம காப்பி பண்ணது இன்னா?"

"'சரக்கு பின்பக்கக் கிட்டங்கில இருக்கு'ன்னு ஒரு பலகை தொங்கும்ல? அந்தப் பலகையை. அதைக் கழட்டிட்டு வந்து புதுக் கடையில மாட்டிட்டோம். சரக்கு அங்கேயே கிடந்திருக்கு."

"எண்ணிக்கை சரியா வந்துச்சே!"

"பலகை கை காட்டின இடத்துக்குப் போய் எண்ணிட்டு வந்திருக்கு. துளசியை மட்டும் பழைய பெட்டியிலேயேதான் ரெண்டு தடவையும் எண்ணியிருக்கோம்."

குத்தகைக்காரன் டேப்பைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. நான் பேக்கப்பைக் கேட்டேன். இப்ராகிம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"துளசிக்கு ஆறு மாசமா மாசத்துக்கு ஒரு தபாதான் ஜெயா. செலவு சாஸ்தின்னு சார் நிப்பாட்டினாரு. உனக்குத் தெரியும்னு நெனச்சேன். கடைசியா எடுத்தது ரெண்டாம் தேதி."

பட்டியலில் 'பேக்கப் இருக்கிறதா' என்றுதான் போட்டிருந்தேன். எத்தனை நாள் பழசு என்று கேட்கவில்லை. வத்தல் வாங்கும்போது மூட்டைக்குள் கைவிட்டு அடிச் சரக்கை எடுத்துப் பார்க்காமல் என் அப்பா ஒரு தடவைகூட விலை பேசியதில்லை.

இரண்டிலிருந்து இருபத்தெட்டு. இருபத்தாறு நாள். நடுவில் பன்னிரண்டு.

திங்கட்கிழமை காலை நவநீதனின் அறைக்குப் போனபோது அறிக்கை தயாராக இருந்தது. ஒரே பக்கம். 'திட்டமிட்ட பராமரிப்பு நிறைவு. தரவு இழப்பு இல்லை.' கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம்.

"உட்காருங்க ஜெயக்கொடி. ராத்திரியே ரெண்டாம் தேதி பேக்கப்பை ஏத்தியாச்சு. எல்லாப் புள்ளியும் பச்சை. சில்லுல இருக்கிற ரெண்டு நாளும் சேர்ந்துக்கும். ஒரு புகார் வரலை."

"எப்படி சார் வரும்? தொலைஞ்சது என்னன்னு அவங்களுக்குத் தெரிஞ்சாத்தானே?"

"அதைத்தான் சொல்றேன். ப்ராக்டிக்கலா யோசிங்க. ஒருத்தருக்கு ஒண்ணு இல்லைங்கிறதே தெரியலைன்னா, அது நஷ்டமா? சொல்லி நாமதான் கஷ்டப்படுத்தணும். நல்லெண்ணமா ஆறு மாசம் இலவசமாக் குடுத்துடலாம். காரணம் சொல்ல வேண்டாம்."

எடைக்கல்லைத் தேய்த்து வைத்தவனை, தராசின் அடியில் புளி ஒட்டியவனை, மூட்டையில் மண் கலந்தவனையெல்லாம் நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கெல்லாம் ஒரு பயம் இருந்தது. வாங்கினவர் வீட்டில் போய் நிறுத்துப் பார்த்துவிட்டால்? இந்த மனிதருக்கு அந்தப் பயமும் இல்லை. சரக்கோடு சேர்த்து அவர்கள் வீட்டுத் தராசையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதற்கு நல்லெண்ணம் என்று பெயர்.

"அவங்க வாழ்க்கை என்ன சார், இருபத்தாறு நாள் போனா தெரியாத அளவுக்கு ஒண்ணுமில்லாததா?"

"நான் அப்படிச் சொல்லலை."

"விலையில சொல்லியிருக்கீங்க."

அப்போது என் கைப்பேசி அடித்தது. கோவில்பட்டி எண். மேசையின் மேல் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டேன்.

"ஜெயக்கொடி மேடமா? நான் செண்பகவல்லி. உங்களை எனக்குத் தெரியாது. உங்க நம்பரு எங்க வீட்டு நாள்காட்டித் தாளுல இருக்கு. என் கையெழுத்து."

துளசி மெதுவாக வரும் அல்லவா. அதனால் துளசிக்காரர்கள் தினசரி நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அன்றன்றைய முக்கியமானதைக் குறித்துவைக்கிறார்களாம். அரிசி தீர்ந்தது, வட்டி கட்டியது, மாத்திரை. எங்களுக்குத் தெரியாது. யாரும் கேட்டதில்லை.

"சொல்லுங்கம்மா."

"எங்க வீட்டுக்காரக போயிட்டாகன்னு தெரியுது. முந்தாநாளு நான் அழுதது ஞாபகத்துல இருக்கு. எப்படிப் போனாகன்னு தெரியலை. பன்னெண்டாந் தேதித் தாளுல, 'மூணு பத்து, ஆசுபத்திரி, என்கிட்ட மட்டும் சொன்னாக'ன்னு எழுதியிருக்கு. என்ன சொன்னாகன்னு இல்லை. பத்தொம்பதாந் தேதித் தாளை வாசிக்கேன், கேளுங்க. 'அவுக சொன்னதை எழுதப் பேனா எடுத்தேன். ஜெயக்கொடி மேடம் தொலையாதுன்னு சொல்லிட்டாங்க. பிள்ளைக கண்ணுல பட்டுரும், எழுதலை.'"

நவநீதன் ஒரு தாளில் பெரிய எழுத்தில் 'பராமரிப்பு வேலை' என்று எழுதி என் முன்னால் நீட்டினார்.

"அவுக என்ன சொன்னாக மேடம்? உங்ககிட்ட நான் சொன்னேனா?"

"சொல்லலம்மா. நான் கேட்டுக்கலை."

"அப்ப எங்க போச்சு?"

"நாங்க அழிச்சிட்டோம்."

மறுமுனையில் எங்கோ ஒரு குக்கர் விசிலடித்தது. அவள் அதை அணைத்துவிட்டு வந்தாள்.

"நாங்கன்னா யாரு?"

"அவசரப்படுத்தினது எங்க சார். எண்ணிப் பார்த்துட்டுச் சரின்னு சொல்லி அழிச்சது நான்."

"சாரு பக்கத்துல இருக்காரா?"

"இருக்காரு. கேட்டுக்கிட்டிருக்காரு."

"சார், இந்தத் தாளுல, நான் அந்த ஒரு நாளுக்கு இருநூறு ரூவா தாரேன்னு சொன்னேன்னும் மேடம் வேண்டாம்னுட்டாங்கன்னும் எழுதியிருக்கு. இப்ப நீங்க ஒரு வெலை சொல்லுங்க. என் காதுல வந்து ஒரு ஆம்பளை சாகுற நேரத்துல சொன்னது. என்ன வெலை?"

நவநீதன் ஜன்னலைப் பார்த்தார்.

"வாயத் தொறக்காரா?"

"இல்லம்மா."

"தொறக்க மாட்டாரு. காசு வாங்கும்போது மட்டும் வெலை தெரியும் இவுகளுக்கு." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது, ஒரு நொடி. உடனே இறுகியது. "மேடம், உங்களை வையணும்னு வாயி வருது. வஞ்சா அதுவும் உங்ககிட்டதான வந்து சேரும், அந்தச் சர்வருக்கு? அதனால வையலை. நீங்க எனக்கு எழுதிக் குடுங்க. எனக்கு மட்டுமில்ல, என்னை மாதிரி இருக்குற எல்லாத்துக்கும். எத்தனை பேரு, எத்தனை நாளு, யாரு செஞ்சான்னு. காகிதத்துல. நாளைக்கு இதையும் நீங்க அழிச்சிட்டா, கையில தாள் இருக்கணும்ல?"

"எழுதித் தாரேன்."

"சொல்லாதீங்க. செய்யுங்க."

வைத்துவிட்டாள்.

"நீங்க கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க. ரெஸ்ட் எடுங்க. நாளைக்குப் பேசலாம்," என்றார் நவநீதன். குரலில் அப்படி ஒரு கனிவு. வாடிக்கையாளர் போனை வைக்கிறவரைக்கும் காத்திருந்து அதற்கப்புறம் விலையைத் தொடுகிறவரின் கனிவு.

"எண்பத்து நாலாயிரம் மிச்சம் பிடிச்சீங்களே சார். ஆளுக்கு எழுபத்து நாலு ரூபா கூட வரலை. எழுபத்து நாலு ரூபாய்க்கு இருபத்தாறு நாளை வித்திருக்கோம். இந்த விலைக்கு எங்க ஊர்ல அழுகின வெங்காயம்கூடத் தர மாட்டான்."

அறிக்கையைத் திருப்பினேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து, அவருடைய பேனாவில், நடந்ததை நடந்தபடி எழுதினேன். லிங்க்கை வைத்தது நான். அதை எழுத்தில் வேண்டாம் என்றது அவர். பேக்கப்பைக் குறைத்தது அவர். ஏழு நாளை விட்டுக்கொடுத்தது நான். அழிக்கச் சொன்ன வாய் என்னுடையது. அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். அவர் வேலை உத்தரவு, வழக்கு, ஒப்பந்தம் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். என் சர்வர் அனுமதியை ரத்துசெய்ய அவர் சரியான ஆளைத் தேடிப் போன் போடுவதற்குள் இப்ராகிம் என் கணக்கில் நுழைந்து முகவரிப் பட்டியலை அச்செடுத்துக் கொடுத்துவிட்டார். ஆயிரத்து நூற்று நாற்பது பிரதிகள், பதிவுத் தபாலில். சுகாதாரத் துறைக்கு ஒன்று. இருவருக்கும் அன்றைக்கே வேலை போயிற்று.

ஆறு வாரமாக இப்ராகிமும் நானும் ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறோம். நாள்காட்டித் தாளை வாசிக்கச் சொல்கிறோம். பக்கத்து வீட்டாரை, மகளை, கடைக்காரரை விசாரிக்கிறோம். கிடைத்ததை அவர்களிடமே திரும்பச் சொல்கிறோம். அது ஞாபகம் ஆகாது, செய்திதான் என்று தெரியும். ஒருவர் கேட்டுவிட்டு நன்றி சொல்கிறார். இன்னொருவர் காறித் துப்புகிறார். துப்புகிறவர்களிடம் எனக்குச் சுலபமாக இருக்கிறது. கோவில்பட்டிக்கு நேரிலேயே போனேன். அந்த வார்டில் அன்றைக்கு இருந்த நர்ஸ், எதிர்க் கட்டில்காரர், கூட்டிப் பெருக்கிய பெண் என்று எல்லோரையும் பிடித்துக் கேட்டேன். அவர் அவள் காதுப் பக்கம் குனியச் சொன்னதை இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். யாருக்கும் கேட்கவில்லை. செண்பகவல்லி அதையும் தாளில் குறித்துக்கொண்டாள். எனக்கு ஒரு வாய்த் தண்ணீர் தரவில்லை.

எல்லோருக்கும் வாரா வாரம் அனுப்பும் தாளின் இந்த வாரப் பிரதி:

ஆட்கள்: 1,140.
ஆளுக்கு அழித்தது: 26 நாள். மொத்தம்: 29,640.
சில்லில் தங்கியிருந்து சேர்ந்தது: 2,280.
தாளிலிருந்தும் பிறர் வாயிலிருந்தும் மீட்டது: 411.
செண்பகவல்லி, பன்னிரண்டாம் தேதி: மீளவில்லை.
பாக்கி: 26,949 நாள்.